ஏழு கிலோ இலை

உர ஆலையின் சங்கு கடைசியாக ஊதி மூன்று வருஷம் ஆன பிறகு, ஒரு மாசி மாதத்தில், குடியிருப்பின் வாதாம் மரங்கள் எல்லாம் சிவந்து இலையுதிர்க்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, பதினேழாம் எண் வீட்டு வாசலில் கிடந்த சருகை வாரிச் சாக்கில் திணித்து, மிதித்து, வாயைக் கட்டி, வழக்கம்போல ஒரே வீச்சில் தோளில் ஏற்றப்போன முத்துப்பேச்சி, சாக்கு தரையை விட்டு எழும்பாமல் போனதால் அதன்மேலேயே குப்புற விழுந்தாள்.

முதலில் கல் கிடக்கிறது என்று நினைத்தாள். சாக்கை வெளியிலிருந்தே அமுக்கிப் பார்த்தாள். இலைதான், வேறொன்றும் இல்லை. அவளுடைய மதினி சுடலைவடிவும் வந்து ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள், நாலடி நகர்ந்தது, வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். அப்போது அந்த வீட்டு ஆவுடையம்மாள் கையிலிருந்த காப்பித் தம்ளரைப் படியில் வைத்துவிட்டு இறங்கி வந்து, நோயாளியைத் தூக்குகிற மாதிரி அக்குளுக்குக் கீழே கை கொடுத்துச் சாக்கைப் பாதி நிமிர்த்தி, அப்படியே மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது அவுகல்லா," என்றாள்.

அவுக என்றால் ஸ்டோர் கீப்பர் பூதலிங்கம். போன ஐப்பசியில் இறந்துபோனவர். எங்களில் யாரும் அதற்காகத் திடுக்கிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் புகை விட்ட ஆலை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நின்றுபோனதைப் பார்த்தவர்களுக்கு, இலை கனப்பது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

நான் நிர்வாக அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஆலையை மூடியபோது எல்லோருக்கும் கடிதம் அடித்தவன் நான்தான், எனக்கான கடிதத்தை அடிக்க யாரும் சொல்லவில்லை, அதனால் அங்கேயே இருந்துவிட்டேன். கோர்ட்டு நியமித்த அதிகாரி ஒருவர் வாரத்துக்கு ஒருநாள் ஜீப்பில் வந்து இறங்குவார், அவர் சொல்லும் சுற்றறிக்கையை நான் அடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். குடியிருப்பில் அறுநூறு வீடு, வீட்டுக்கு ஒரு வாதாம் மரம், முதல் மேனேஜர் போட்ட கட்டளை அது. ஆலை நின்றதே தவிர மரங்கள் நிற்கவில்லை. காய்ந்த சருகு அமோனியாத் தொட்டிப் பக்கம் பறந்து போய்த் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று அதிகாரி பயந்ததால், துப்புரவுப் பெண்கள் பதினோரு பேரை மட்டும் வேலையில் வைத்திருந்தார்கள்.

அவர்களிடம் ஆளுக்கு இருந்த தளவாடம் இவ்வளவுதான்: ஆள் உயரக் கம்பில் இரும்புப் பல் வைத்த வாரி ஒன்று, ஈர்க்கு வாரியல் ஒன்று, எண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கிய தகரம் இரண்டு. காற்றுக்கு முதுகு காட்டி நின்று வாரியால் இழுத்துக் குவித்து, இரண்டு தகரத்தையும் இரண்டு கையில் பிடித்து அள்ளிச் சாக்கில் போட்டு, பாதி நிறைந்ததும் ஒருத்தி உள்ளே இறங்கி மிதிப்பாள். சாக்குக்குப் பஞ்சமில்லை, உரம் அடைக்க வாங்கி அடைக்காமல் போன சாக்குகள் கிடங்கு நிறையக் கிடந்தன, எல்லாவற்றிலும் 'நிகர எடை 50 கிலோ' என்று நீல எழுத்தில் அச்சிட்டிருந்தது. நிறைந்த சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு முறுக்கு முறுக்கி, இடுப்பில் செருகிய சணலை உருவி, இரட்டையாகச் சுற்றி, பல்லால் கடித்து இழுத்தால் முடிச்சு விழும். முத்துப்பேச்சிக்கு அதைச் செய்ய அரை நிமிஷம் வேண்டாம். பதினெட்டு வருஷப் பழக்கம். தூக்கத்தில்கூட சேலை முந்தியை முறுக்கிக் கட்டுகிறாள் என்று சுடலைவடிவு கேலி செய்வாள்.

ஆவுடையம்மாளின் சாக்கைப் பார்க்கத் தேவசகாயம் கம்பவுண்டர் வந்தார். மருந்தகம் மூடியிருந்தாலும் ஆள் நிறுக்கும் தராசும், தொழிலாளர்களுக்கு வருஷா வருஷம் எடை பார்த்து எழுதிய அட்டைகளும் அவரிடம்தான் இருந்தன. சாக்கை ஏற்றி நிறுத்தார், ஐம்பத்தொன்று. பூதலிங்கத்தின் அட்டையைத் தேடி எடுத்தார், எண்பத்துமூன்று.

"ஒத்து வரல்லியே, அக்கா," என்றார்.

"எம்பத்திமூணு கிலோ ஆளு டூட்டிக்குப் போனவரு. கடைசி நாலு மாசம் அவரைத் தூக்கிப் படுக்க வச்சது நான். அம்பத்தொண்ணுதான், கம்பவுண்டரே. எனக்குத் தராசு வேண்டாம்."

கம்பவுண்டர் அட்டையை மூடிவிட்டார். அந்த வாரமே இருபத்திரண்டாம் எண், நாற்பதாம் எண், நூற்றெட்டாம் எண் என்று வரிசையாகக் கனத்தன. கட்டும்வரை இலை, கட்டியபின் ஆள். முடிச்சு விழாத சாக்கில் ஒன்றும் நடக்காது, வெறும் சருகாகவே கிடக்கும் என்பதையும் நாங்கள் அந்த வாரமே தெரிந்துகொண்டோம்.

முதலில் செத்தவர்கள்தான் என்று நினைத்தோம். டர்னர் அருணாசலத்தின் வீட்டுச் சாக்கு அறுபத்தொன்று காட்டியதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார், ஏனென்றால் அவர் வீட்டில் யாரும் சாகவில்லை, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தென்காசிக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். பங்குனியில் தென்காசியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை, சாக்கை மட்டும் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் போய் வருவார். இனித் திரும்பி வராதவர்களின் எடை அது, செத்தவர்களாக இருந்தாலும் சரி, உயிரோடு இருப்பவர்களாக இருந்தாலும் சரி.

அப்புறம் குடியிருப்பு அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. வாரியல் என்ற பொருளை வாழ்நாளில் தொட்டிராத கணக்குப் பிரிவு ஆட்களும் போர்மேன்களும் கிடங்கு வாசலில் வரிசையில் நின்று இரும்பு வாரியைக் கடன் வாங்கிப் போனார்கள், பதினோரு வாரிக்கு முந்நூறு பேர் போட்டி போட்டதால் ஆளுக்கு அரை மணி என்று நான் ஒரு சுற்றறிக்கை அடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு இலை தன் வாசலில் விழுந்தால் அது யாருடைய ஆள் என்று சண்டை வந்தது, மரத்தைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காவல் உட்கார்ந்தார்கள். பிள்ளையார் கோயிலுக்குச் சாக்கோடு வந்தவர்களை என்ன செய்வதென்று கமிட்டி மூன்று கூட்டம் போட்டு, செருப்பு விடுகிற இடத்தில் நிழலாக ஒரு கூரை போட்டுக் கொடுத்தது. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் சாக்குகளை உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, ஒருவருக்கு ஒரு சாக்குக்கு மேல் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று மறு வாரம் இன்னொன்று. வீடு காலி செய்து போகிறவர்கள் லாரியில் கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் சாக்கைக் காற்றுப்படுகிற மாதிரி வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பயல்கூட இதற்குக் காரணம் என்ன என்று கேட்கவில்லை. ஆலை ஏன் மூடியது என்று கேட்டு என்ன கண்டோம், இதைக் கேட்க?

சில வீட்டுச் சாக்கு கனக்கவே இல்லை. நன்றாக மிதித்துக் கட்டிய வாதாம் இலைச் சாக்கு ஏழு கிலோ இருக்கும், அந்த ஏழுதான் இருந்தது. மகன் சவூதியில் இருக்கிற வீடு, மகள் மதுரையில் படிக்கிற வீடு, அங்கெல்லாம் ஏழு காட்டினால் கம்பவுண்டருக்கு வெல்லமும் பொரிகடலையும் கொடுத்தார்கள், தெருவே வந்து வாயில் போட்டுக்கொண்டு போயிற்று. பிள்ளைகளை வெளியூருக்கு வழியனுப்பும்போது 'ஏழா இரு, தாயி' என்று சொல்லுகிற வழக்கம் அப்போது வந்ததுதான்.

முத்துப்பேச்சி வீட்டு வாசலிலும் ஒரு வாதாம் மரம் இருந்தது. துப்புரவு லைனில் மூன்றாவது வீடு. வீட்டில் அவள் ஒருத்திதான், புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்தவன், இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே. மகள் ஒருத்தி, பொன்கனி. ஆலை மூடிய மறு வருஷம் ஒரு புரட்டாசியில், மேற்கே நூற்பாலையில் வேலை, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்லி வேன் வைத்துப் பெண்களைக் கூட்டிப் போனார்கள், அதில் அவளும் போனாள். பத்தொன்பது வயது. புறப்படுகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் இருந்த எடை மெஷினில் விளையாட்டாக ஏறி நின்று, விழுந்த அட்டையை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நாற்பத்துமூன்று கிலோ. பின்பக்கம், 'உங்கள் உழைப்பு வீண்போகாது' என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆபீஸ் போனுக்குத்தான் அவள் பேசுவாள். நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட, முத்துப்பேச்சி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். வருஷத்துக்குமேல் அப்படிப் போயிற்று, பிறகு ஒரு ஐப்பசியோடு போன் நின்றுவிட்டது. இவள் தேடிப் போனாள், தீபாவளிக்கு லீவு சொல்லிவிட்டுப் போன பெண் திரும்பவில்லை என்று கேட்டில் வாட்ச்மேன் சொன்னான், உள்ளே விடவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்த மனுவை நான்தான் அடித்தேன், மூன்று நகல். அடுத்த மாசியில் இலை கனக்கத் தொடங்கியது.

தன் மரத்து இலையை மட்டும் அவள் கட்டவில்லை. நாள் முழுக்க ஊரார் வாசலில் வாரி, அள்ளி, மிதித்து, கட்டி, யார் யாருடைய ஆட்களையோ அவரவர் கையில் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இடுப்புச் சணலை உருவி உள்ளே ஆணியில் மாட்டிவிடுவாள். பிறகுதான் வாரியை எடுப்பாள். தன் வாசலில் விழுந்ததைச் சுவரோரம் குவித்து, மேலே பழைய தார்ப்பாயைப் போட்டு, அரைச் செங்கல் நான்கு வைப்பாள். ஆடிக் காற்று செங்கலையும் தள்ளிவிட்டு இலையைத் தெரு முழுக்க இறைத்துவிடும், மறுநாள் அதே இலையை மறுபடி வாருவாள். இப்படி இரண்டு வருஷம். குவியல் ஜன்னல் உயரம் வந்தது. அடியில் இருந்தது மக்கிக் கறுப்பு மண்ணாகிவிட்டது, அதில் ஒரு இலைகூட அவள் வெளியே போடவில்லை.

"கட்டிப் பாரேன், பேச்சி," என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "ஏழா இருந்தா நிம்மதியாப் போச்சுல்லா?"

"ஏழா இருந்தா அவ தானா வந்துருவா, சார். ஏழு இல்லேன்னா அதை நான் எதுக்குத் தெரிஞ்சுக்கிடணும்?"

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சுடலைவடிவு மட்டும் அடிக்கடி, "மதினி, நீ வாரலே, மண்ணுக்கு மேல மண்ணா அடைகாக்கே," என்று சொல்லிவிட்டுத் தானே அழுவாள்.

ஐந்தாம் வருஷம் ஆனியில் குடியிருப்பை ஏலம் விட்டார்கள். வாங்கியவன் அறுநூறு வீட்டையும் இடித்துத் தரைமட்டமாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தான். அப்போது மிச்சமிருந்தது நாற்பது குடும்பம். ஆடி பதினைந்துக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும், இலைக் குவியல்களை எல்லாம் சாக்கில் அடைத்துக் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும், கட்டாமல் கிடப்பதை அங்கங்கேயே கொளுத்திவிட வேண்டும். அந்தச் சுற்றறிக்கையை அடித்ததும் நான்தான். 'கட்டாமல் கிடப்பதை' என்ற வார்த்தை வந்தபோது விரல் நின்றது, பிறகு அடித்துவிட்டேன். பழக்கம் என்றால் அதுதான்.

முத்துப்பேச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆடி பதினான்காம் தேதி ஜீப்பில் வந்த அதிகாரியின் முன்னால் போய் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக எழுதிக் கொடுக்காமல் வாயால் கேட்டேன். துப்புரவு லைன் மேற்கு ஓரத்தில் இருக்கிறது, இடிப்பது கிழக்கிலிருந்து தொடங்குகிறது, அந்த லைனை மட்டும் தைவரை விட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்தக் குவியலைக் கொளுத்த வேண்டாம் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்றார். ஐந்து வருஷத்தில் அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

நான் ஓடினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, சுகர் வேறு, ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். போகிற வழியிலேயே அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஓடினேன்.

அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பாத்திர மூட்டை, பாய்ச் சுருட்டு, தலையணை, எல்லாம் கட்டித் திண்டு திண்டாகக் கிடந்தன. கொளுத்தப்போகிற குவியலிலிருந்து ஒரே ஒரு சாக்கு மட்டும் அள்ளி, போகிற இடத்தில் ஒரு மூலையில் வாய் திறந்தபடியே வைத்துக்கொள்ளலாம் என்று நிரப்பி வைத்திருந்தாள். கடைசித் தகரம் இலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

"பேச்சி! காலி பண்ண வேண்டாம்! தை வரைக்கும் இருக்கலாம்னு சொல்லிட்டாரு! உன் இலையை யாரும் கொளுத்த மாட்டாங்க!"

"நெசமாவா, சார்?"

"நெசமா! நானே பேசினேன்!"

"தை வரைக்குமா?" என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். "தைன்னா பொங்கலுக்கு லீவு விடுவாங்கல்லா, சார். மில்லுல எல்லாம் பொங்கலுக்குப் பத்து நாளு லீவு விடுவாங்க."

"விடுவாங்க, விடுவாங்க," என்றேன்.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். சாமான் கட்டுவதற்காகக் காலையில் எடுத்துச் செருகிய சணல் அவள் இடுப்பில் இருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் அவளைக் கேட்காமல் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்தன, இரண்டு முறுக்கு முறுக்கின, சணலை உருவி இரட்டையாகச் சுற்றின, அவள் என்னிடம் இன்னும் என்னமோ சொல்ல வாயைத் திறந்து, அந்த வாயாலேயே சணலைக் கடித்து இழுத்தாள்.

முடிச்சு விழுந்தது.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது, அதைக் கழற்றுவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கைகளைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் போய், சாக்கைத் தொடாமல், குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முடிச்சை அவிழ்த்துவிடலாமே என்று சுடலைவடிவு கத்தினாள். ஆனால் ஒருமுறை விழுந்த எடை அவிழ்த்தாலும் போகாது, டர்னர் அதைப் பலமுறை செய்து பார்த்துவிட்டார்.

மிச்சமிருந்த நாற்பது குடும்பமும் வந்துவிட்டது. யாரும் சாக்கைத் தொடவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று, பொக்லைன் வந்து கிழக்கே முதல் வீட்டுச் சுவரைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. கடைசியில் முத்துப்பேச்சியே எழுந்து உள்ளே போய், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த எடை அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"கம்பவுண்டர் ஐயாவை வரச் சொல்லுங்க."

தேவசகாயம் தராசைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். டர்னர் அருணாசலம் கண்ணை மூடிக்கொண்டு சாக்கைத் தூக்கி வைத்தார். கம்பவுண்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தார், எடைக்கல்லைத் தள்ளினார், மறுபடி தள்ளினார்.

"எவ்வளவு?" என்றேன்.

"இருபத்தொம்பது."

"அட்டையிலே நாற்பத்துமூணு," என்றேன் நான். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "நாற்பத்துமூணு, பேச்சி! இது உன் பிள்ளை இல்லே!"

கூட்டம் மூச்சு விட்டது. நாற்பத்துமூன்று இல்லை, நாற்பத்துமூன்று இல்லை என்று பின்வரிசை வரைக்கும் போயிற்று. லைனில் முன்னே குடியிருந்தவர்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்றார் ஒருவர். அடிமண் கலந்திருக்கும், மண் கனக்கத்தானே செய்யும் என்றார் இன்னொருவர். சுடலைவடிவு மண்ணில் விழுந்து கும்பிட்டாள். யாரோ ஓடிப்போய் வெல்லம் எடுத்து வந்து என் கையிலும் ஒரு துண்டு வைத்துவிட்டார்கள், நான் அதை வாயிலும் போட்டுக்கொண்டேன்.

ஆவுடையம்மாள் மட்டும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் தராசைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி அவளைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், ஆவுடையம்மாள் திரும்பவே இல்லை. எண்பத்துமூன்றும் ஐம்பத்தொன்றும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன. வாயில் வெல்லம் கரைந்துகொண்டிருந்தது, துப்பவும் முடியவில்லை.

முத்துப்பேச்சி தராசுக்குப் போனாள். குனிந்து ஒரு கையைச் சாக்கின் அடியில் கொடுத்தாள், தூக்கினாள், அது சும்மா வந்துவிட்டது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுகையால், 'நிகர எடை 50 கிலோ' என்ற நீல எழுத்தின்மேல் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டாள்.

"நாப்பத்திமூணு கிலோ அனுப்பி வச்சேன், சார்," என்றாள் என்னிடம். "மூணு வேளையும் சோறு போடுதோம்னுதான சொன்னாங்க?"

அவள் சாக்கோடு வீட்டுக்குள் போனாள், படியேறும்போது அவளுக்கு அது கனக்கவே இல்லை.